அந்த மூன்று பேரையும் ஆட்டத்தில் சேர்ப்பது எப்படி?

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. ஏழாம் வகுப்பில் 42 பிள்ளைகள். அவர்களில் மூன்று பேர் மாற்றுத்திறனாளிகள். ஒரு பையனுக்கு மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் இறுகியிருக்கும், முன்பாதத்தை ஊன்றி நடப்பான், வலது காலில் ஸ்பிளிண்ட் (காலைத் தாங்கிப் பிடிக்கும் உறை) போட்டிருக்கிறான். ஒரு பெண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம். இன்னொரு பையனுக்கு வெளிச்சமும் இருட்டும் தெரியுமே தவிர வேறெதுவும் தெரியாது. விளையாட்டுப் பாடவேளையில் மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொள்கிறார்கள். சேர்த்துக்கொள்ள எனக்கு ஆசைதான். “விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது?” என்கிறார் தலைமையாசிரியர். மூளை முடக்குவாதம் உள்ள பையனின் அம்மா, ஓடவிட வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். இவர்களுக்குக் கற்பிக்க எனக்குப் பயிற்சி எதுவும் கிடைத்ததில்லை. எதிலிருந்து தொடங்குவது? ஜனவரியில் விளையாட்டு விழா வருகிறது. அதில் இவர்களுக்கு என்ன போட்டி வைக்கலாம்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

பயிற்சி இல்லை என்கிறீர்கள். ஆனால் ஒருவன் முன்பாதத்தை ஊன்றி நடக்கிறான் என்பதையும், இன்னொருவனுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும் என்பதையும் கவனித்து எழுதியவர் நீங்கள்தான். பிள்ளைகளை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மீதியில் கொஞ்சம் மருத்துவம் இருக்கிறது, நிறைய விளையாட்டு இருக்கிறது. இயன்முறை மருத்துவர் என்பதால் மருத்துவத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மூவரில் அந்தப் பெண்ணைத்தான் முதலில் மருத்துவரிடம் அனுப்பச் சொல்வேன். பார்வைக்கு மூவரில் அவள்தான் திடமாகத் தெரிவாள். அதனாலேயே யாரும் யோசிக்க மாட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருக்கும். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் உள்ள பிணைப்பும் அப்படியே. நூற்றில் பத்து முதல் இருபது பேருக்கு அந்த இடத்தில் அசைவு அளவுக்கு மீறி இருக்கும். அதனால் தொந்தரவு வருவது நூற்றில் ஓரிருவருக்குத்தான். வந்துவிட்டால் தண்டுவடம் அழுத்தப்படும், கை கால் செயலிழக்கும். ஆகவே மருத்துவர் கழுத்தைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே பார்த்து, சரி என்று எழுதித் தரும்வரை குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, பந்தைத் தலையால் முட்டுவது எல்லாம் கூடாது. யோகாசனத்தில் சர்வாங்காசனமும் ஹலாசனமும் கூடவே கூடாது. இந்தப் பிள்ளைகள் உடம்பை ரப்பர்போல வளைப்பார்கள். யோகா தினத்தன்று முன்வரிசையில் நிறுத்தலாமே என்று தோன்றும். அந்த வளைவுக்குக் காரணம் தளர்ச்சி. அதை மேலும் இழுத்து நீட்டுவது அவளுக்குக் கெடுதல். அவளுக்கு வேண்டியது தசைக்கு வலு: படி ஏறுவது, மணல் நிரப்பிய சிறு பையைச் சுமந்து நடப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. கழுத்து வலிக்கிறது என்றாலோ, தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருந்தாலோ, நன்றாக நடந்தவள் தடுமாறத் தொடங்கினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, இப்போது இதய மருத்துவர் என்ன சொல்கிறார் என்று பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

அவளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது பேச்சைக் குறைத்துச் செய்துகாட்டுங்கள். “கோடு வரை ஓடு, பந்தை எடு, திரும்பி வந்து கூடையில் போடு” என்று ஒரே மூச்சில் சொன்னால் கோட்டோடு நின்றுவிடுவாள். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. ஒன்றைச் சொன்ன பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள். பெரும்பாலோர் மூன்று எண்ணுவதற்குள் பொறுமையிழந்து மறுபடி சொல்லிவிடுகிறார்கள். அவளும் மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்குகிறாள். மந்தம் என்று நாம் பெயர் வைப்பதில் பாதி இந்த அவசரத்தால் வருவது.

இனி ஸ்பிளிண்ட் போட்ட பையன். அவன் அம்மாவின் பயத்தில் நியாயம் உண்டு. இறுகிய தசைக்கு வலுப் பயிற்சி கொடுத்தால் இறுக்கம் கூடிவிடும் என்று ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே நம்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அப்படி ஆகவில்லை என்று காட்டிவிட்டன. அந்தத் தசை இறுக்கமாக இருப்பதோடு பலவீனமாகவும் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் எலும்பு வேகமாக வளரும், இறுகிய தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சிறு வயதில் ஓரளவு நன்றாக நடந்த பிள்ளைகள் இந்தப் பருவத்தில்தான் நடை குறைந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவனை நிழலில் உட்கார வைப்பது பாதுகாப்பு என்று அம்மா நினைக்கிறார். உட்கார உட்காரத்தான் அந்தக் கால் மடங்கிப்போகும். இதை அவரிடம் நேரில் சொல்லுங்கள். கடிதத்துக்குப் பதில் கடிதம் எழுதாதீர்கள்.

அவனிடம் கவனிக்க வேண்டியவை சில. நாம் நடப்பதற்குச் செலவிடும் சக்தியைப்போல இரண்டு மூன்று மடங்கு வரை அவன் நடப்பதற்கே செலவாகும். மைதானத்துக்கு வந்து சேரும்போதே அவன் ஒரு சுற்று ஓடி முடித்தவன் மாதிரி. எனவே தூரத்தைக் குறையுங்கள், முறைகளைக் கூட்டுங்கள்: நூறு மீட்டர் ஒருமுறை என்பதற்குப் பதில் இருபது மீட்டர் ஐந்து முறை, நடுவில் ஓய்வு. ஆரம்பத்தில் தசையை நீட்டும்போது மெதுவாக நீட்டி அரை நிமிடம் அப்படியே நிறுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தசை எதிர்த்து இறுகும். விசிலை அவன் முதுகுக்குப் பின்னால் ஊதாதீர்கள். திடீர்ச் சத்தத்துக்கு இந்தப் பிள்ளைகளின் உடம்பு முழுதும் ஒரு கணம் விறைத்துக்கொள்ளும், அந்த ஒரு கணத்தில் விழுந்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஸ்பிளிண்டைக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவந்திருந்தால் அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால் ஸ்பிளிண்ட் சிறிதாகிவிட்டது என்று பொருள்; வளரும் பிள்ளைக்கு அது அடிக்கடி நடக்கும். வலிப்பு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறானா என்றும் கேளுங்கள். அந்த மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைத்துவிடும், உடம்பு சூடேறுவது வெளியே தெரியாது. நம் வெயிலுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. ஏழாம் வகுப்பின் விளையாட்டு வேளையைக் காலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்க இதுவே போதுமான காரணம்.

பார்வையில்லாத பையனைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஏனென்றால் அவன் உடம்பில் வேறு குறை எதுவும் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. அவன் ஓடாததற்குக் காரணம் எதில் மோதுவோம் என்று தெரியாததுதான். ஒரு நாள் மற்றவர்கள் வருவதற்கு முன் அவனை மைதானம் முழுக்க நடத்திக் காட்டுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவன் உங்கள் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். கொடிக்கம்பம், குழாயடி, பள்ளம், சுவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். வகுப்பில் “இப்படிச் செய்” என்ற சொல்லை விட்டுவிடுங்கள், அதில் அவனுக்கு எதுவும் இல்லை. உங்கள் தோளைத் தொட்டு அசைவைத் தெரிந்துகொள்ள அவனையும் அவன் அம்மாவையும் முன்கூட்டிக் கேட்டு அனுமதி பெறுங்கள். அல்லது ஒரு மாணவன் மாதிரியாக நிற்கட்டும். ஓடுவதற்கு, ஒரு சாண் கயிறு போதும். ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவன் வேகத்துக்கு ஓடக்கூடிய நண்பன் கையில். கண் மருத்துவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: தலையில் அடிபட்டால் விழித்திரை பிரியும் ஆபத்து இருக்கிறதா? சில நோய்களில் உண்டு. இருந்தால் பந்து முகத்துக்கு வரும் ஆட்டங்களைத் தவிர்க்கலாம்.

மருத்துவம் முடிந்தது. இப்போது விளையாட்டு.

மூன்று பேருக்குத் தனியாக ஒரு மூலையில் ஏதாவது கொடுத்து உட்கார வைப்பது எளிது. அப்படிச் செய்தால் மரத்தடி இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். 42 பேரும் ஒரே ஆட்டத்தை ஆடும் நாட்கள் வேண்டும். அதற்கு உங்களிடம் கைப்பந்துக் களம் இருக்கிறது அல்லவா, 18 மீட்டருக்கு 9 மீட்டர்? கோல்பால் என்ற ஆட்டத்தின் களமும் சரியாக அதே அளவுதான். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1946இல் ஓர் ஆஸ்திரியரும் ஒரு ஜெர்மானியரும் உருவாக்கிய ஆட்டம் இது. 1976 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அணிக்கு மூன்று பேர். எல்லோர் கண்ணும் கட்டப்பட்டிருக்கும், பார்வை உள்ளவர் இல்லாதவர் என்ற வித்தியாசமே கிடையாது. மணி வைத்த பந்தைத் தரையோடு உருட்டி எதிர்க்கோட்டைத் தாண்டவைக்க வேண்டும், எதிரணி சத்தத்தைக் கேட்டு உடம்பால் தடுக்க வேண்டும்.

மணிப்பந்து வாங்கப் பள்ளியில் பணம் இருக்காது. சாதாரணக் கால்பந்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுங்கள், உருளும்போது சரசரவென்று சத்தம் வரும். களத்தின் கோடுகளில் தேங்காய்நார்க் கயிறு பதித்து மேலே லேசாக மண் போட்டால் வெறுங்காலுக்குக் கோடு தெரியும். உண்மையான ஆட்டத்திலும் ஒட்டுநாடாவுக்கு அடியில் கயிறு வைத்துத்தான் கோடு போடுகிறார்கள். நம் கட்டாந்தரையில் பாய்ந்து விழ முடியாது. அதனால் உட்கார்ந்து தடுக்கட்டும். கண்ணைக் கட்டக் கைக்குட்டை போதும். அணிக்கு ஐந்தைந்து பேராகச் சேர்த்துச் சிறு சிறு ஆட்டங்களாக நடத்துங்கள். வெளியே நிற்கும் முப்பது பேர் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் இதில் கடினமான விதி. முதல் நாள் சிரிப்பும் கூச்சலுமாகத்தான் இருக்கும். சத்தம் போட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி என்று சொல்லிவிடுங்கள், மைதானம் அடங்கிவிடும். இந்த ஆட்டத்தில் உங்கள் வகுப்பின் சிறந்த ஆட்டக்காரன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கண்ணைக் கட்டியதும் மற்றவர்கள் திசை தெரியாமல் தடவும்போது, பந்து எங்கே வருகிறது என்று அவனுக்குக் காது சொல்லும்.

இறுகிய கால் உள்ள பையன் காலை நீட்டித் தரையில் உட்கார முடியாமல் பின்னால் சாய்வான், ஏனென்றால் தொடையின் பின்தசை இழுக்கும். அவனுக்கு ஒரு மணைப்பலகையோ தாழ்வான முக்காலியோ கொடுங்கள். அதே முக்காலியோடு உட்கார்ந்து ஆடும் கைப்பந்தும் ஆடலாம். நிற்கும் பிள்ளையின் மார்பளவு உயரத்துக்குச் சற்றுக் கீழே கயிறு கட்டி, பந்தைத் தொடும்போது யாரும் எழக்கூடாது என்ற ஒரே விதியை வையுங்கள்.

இன்னொன்று போச்சியா. கை கால் இரண்டிலும் கடுமையான பாதிப்பு உள்ளவர்களும் ஆடுவது. 1984 முதல் பாராலிம்பிக்கில் உண்டு. ஒரு வெள்ளைப் பந்தை முதலில் எறிய வேண்டும்; பிறகு ஒவ்வொரு தரப்பும் தன் ஆறு பந்துகளை அதற்கு அருகில் சேர்க்கப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கோலி ஆடத் தெரிந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய துணியில் சிறு பைகள் தைத்துப் புளியங்கொட்டை நிரப்புங்கள், நிறத்துக்கு ஆறு. பை உருண்டு ஓடாது என்பதால் கை நடுங்குபவனுக்கும் குறி வாய்க்கும். பார்வையில்லாதவனுக்கு ஒருவர் வெள்ளைப் பைக்குப் பின்னால் நின்று கைதட்டினால் போதும்.

நம் பிள்ளைகள் தெருவில் ஆடும்போது சின்னவர்களை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொட்டாலும் அவுட் இல்லை, பிடித்தாலும் கணக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் நல்ல மனத்தோடு நடக்கும் பல காரியங்கள் இந்த வகைதான். முடக்குவாதப் பையனைக் கடைசியில் ஓடவிட்டு எல்லோரும் கைதட்டுவது, வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டு அவனை ஜெயிக்க வைப்பது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியாது என்று நினைக்காதீர்கள். பார்வையற்றோர் கிரிக்கெட்டைப் பாருங்கள். முழுக்கப் பார்வையில்லாத மட்டையாளர் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கிடப்படும். ஆனால் ஸ்டம்பு விழுந்தால் அவருக்கும் அவுட்தான். விதியை முன்கூட்டியே மாற்றுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு யாருக்கும் சலுகை வேண்டாம். கிளித்தட்டில் இந்தப் பையனைத் தொட எதிராளி நொண்டியடித்துத்தான் வர வேண்டும் என்று விதி வைக்கலாம். தொட்டுவிட்டால் அவன் வெளியே போகட்டும். கோபித்துக்கொள்ளட்டும், அடுத்த ஆட்டத்துக்கு வருவான்.

விதியை நீங்களே யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளவும் தேவையில்லை. வகுப்பிடம் விடுங்கள். ஒரு வைடுக்கும் நோ பாலுக்கும் அரை மணி நேரம் வாதாடும் பிள்ளைகளுக்கு விதி செய்வது கைவந்த கலை. நீங்கள் அந்த மூவரிடமும் “இது சரியா?” என்று கேட்டால் போதும். அணி பிரிக்கும் வேலையை மட்டும் தலைவர்களிடம் விடாதீர்கள். இரண்டு பேர் மாறி மாறி ஆள் எடுக்கும் முறையில் கடைசியில் நிற்பது எப்போதும் இவர்கள்தான். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள்.

தலைமையாசிரியருக்கு. விழுந்தால் யார் பதில் சொல்வது என்பது நல்ல கேள்விதான். மற்ற 39 பேரும் வாரத்துக்கு நாலு தடவை விழுகிறார்கள், அப்போது யாரும் அதைக் கேட்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆவது பிரிவு, கல்வி நிறுவனங்கள் இவர்களைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, கல்வியோடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. சட்டத்தை எடுத்த எடுப்பில் நீட்டினால் அவர் முகம் சுருங்கும். முதலில் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவர் சொன்னது, தவிர்க்க வேண்டியது, பெற்றோர் கையெழுத்து ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் காட்டுங்கள். உங்கள் வட்டார வள மையத்துக்கு இயன்முறை மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு, மூவரையும் பெற்றோரோடு அங்கே அனுப்புங்கள். சிறப்பாசிரியரை ஒருமுறை மைதானத்துக்கே வரச் சொல்லுங்கள். காகிதம் கைக்கு வந்துவிட்டால் தலைமையாசிரியர்களின் பயம் பெரும்பாலும் பாதியாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மற்ற குழந்தைகளுக்குச் சொன்ன அதே அளவுதான். உங்கள் பாடவேளை மட்டும் அதற்குக் காணாது. வீட்டிலும் தெருவிலும் நடக்க வேண்டியது மீதி. புளியங்கொட்டைப் பைகளில் ஒரு செட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அண்ணன் தம்பிகள் பார்த்துக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கீழ் வகுப்புகளில் எங்காவது ஒரு பையன், முன்பு நன்றாக ஓடியவன், இப்போது அடிக்கடி விழுகிறானா? தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏணி ஏறுவதுபோல எழுகிறானா? கெண்டைக்கால் மட்டும் பருத்துத் தெரிகிறதா? தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். மூளை முடக்குவாதத்துக்கு நான் சொன்ன வலுப் பயிற்சிகள் இவனுக்குப் பொருந்தாது. தோப்புக்கரணம், படியில் ஓடி இறங்குவது போன்றவை அந்தத் தசையைக் கிழித்துச் சேதப்படுத்தும். சோம்பேறி என்று நினைத்து யாராவது தோப்புக்கரணம் போட வைத்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஆடிய மறுநாள் தசை வலித்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். இந்த நோயை வீட்டார் கவனிப்பதற்கு முன் உடற்கல்வி ஆசிரியர் கவனிக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக விளையாட்டு விழா. அன்றைக்கு மேடையில் யாராவது மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிப் பேசுவார்கள். சேலம் மாவட்டத்துக்காரர், ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர், உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். பெருமைப்பட வேண்டியவர்தான். ஆனால் உங்கள் மூவரையும் எழுப்பி நிறுத்தி, “நீங்களும் அவரைப்போல வர வேண்டும்” என்று சொல்ல விடாதீர்கள். மற்ற 39 பேரிடம் யாரும் ஒலிம்பிக் பதக்கம் கேட்பதில்லை. அவர் கதையில் நமக்கு உதவும் செய்தி, பள்ளியில் அவர் தாண்டுவதைப் பார்த்து ஊக்கப்படுத்தியவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர் என்பது.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக ஓர் இசை நாற்காலி வைத்து மூவருக்கும் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். தொடர் ஓட்டம் வையுங்கள், அணிக்கு ஆறு பேர். தூரத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மொத்தம் நானூறு மீட்டர் என்றால் ஒருவன் இருபது ஓடலாம், இன்னொருத்தி நூறு ஓடலாம். எவ்வளவு என்பதை அந்தந்த அணியே முந்தின நாளே எழுதித் தரட்டும். மூவரையும் மூன்று அணிகளில் சீட்டுப் போட்டுச் சேருங்கள். இருபது மீட்டர் பையனைத் தொடக்கத்தில் ஓடவிடுவதா நடுவில் ஓடவிடுவதா என்று அவன் அணி மண்டையை உடைத்துக்கொள்ளும். கடைசி ஆளாக மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், கூட்டம் முழுக்க எழுந்து நின்று இரக்கப்பட்டுக் கைதட்ட ஆரம்பித்துவிடும். கயிற்றோடு ஓடுகிறவனுக்கு வழிகாட்டி ஓடும் நண்பனையும் இப்போதே தேர்ந்தெடுத்துவிடுங்கள், இருவருக்கும் கால் எட்டு ஒத்துவர நாள் பிடிக்கும். பெண்ணின் கழுத்துக்கு மருத்துவர் என்ன எழுதித் தருகிறார் என்பதை எனக்குத் தெரிவியுங்கள். ஓட்டத்துக்குத் தடை இருக்காது என்று நினைக்கிறேன், இருந்தாலும் அந்தக் காகிதம் வரும்வரை அவளுக்கு நடை மட்டும் போதும்.